யாருக்குத் துக்க நாள்?

1971-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் தேதி இந்திய ராஷ்டிரபதி ஒரு சட்டத்துக்குக் கையெழுத்திட்டார். சட்டம் சொல்லும் நிலைமைகளில், தகுதி பெற்ற டாக்டர் ஒரு பெண்ணின் கருவைக் கலைத்தால் அது குற்றமல்ல என்பதுதான் அந்தச் சட்டம். ஐம்பது ஆண்டு கழிந்து, 2021-ல், அதே ஆகஸ்டு 10-ம் தேதியைக் கத்தோலிக்க ஸ்தாபனங்கள் துக்க நாளாக அனுஷ்டித்தன. மறு ஆண்டு அதே நாளில் டில்லியில் ஊர்வலம் நடத்தினார்கள். கருவில் அழிந்த சிசுக்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம், அந்தச் சட்டமே கூடாது என்பது அவர்களுடைய கட்சி.

டில்லி ஊர்வலத்துக்கும் திண்டுக்கல் மில் கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் நாள் முழுக்க நின்றபடியே அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும் பெண்ணைக் கேளுங்கள். நிலக்கோட்டையில் பொழுது விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவளைக் கேளுங்கள். மூன்றாவது பிள்ளைக்கே பால் வாங்க வழியில்லாத வீட்டில் நாலாவது தங்கிவிட்டால் அவள் யாரிடம் போவாள்? பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. "நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. "புருஷனைக் கூட்டி வா" என்றால் அவன் கூலியும் போச்சு. ஊர்வலம் போகிறவர்கள் கேட்பது, இந்த மிச்சமிருக்கிற கதவையும் சாத்திவிடு என்பதைத்தான். சம்பந்தம் அங்கே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கருவும் உயிர்தான், அதை அழிப்பது பாவம் என்று மனமார நம்புகிற உழைப்பாளி மக்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். மாதா கோவிலுக்குப் போகிற தோழரும், பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்குப் போகிற தோழரும், கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிகிற தோழரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள், ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை ஏளனம் செய்வது நம் வேலையல்ல. பிள்ளை வேண்டும் என்கிற தாயிடம் போய் "கலைத்துக்கொள்" என்று எவனாவது சொன்னால், அவன் டாக்டரானாலும் மந்திரியானாலும் மாமியாரானாலும், அவனை எதிர்த்து முதலில் நிற்கிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆனால் ஒருத்தியின் நம்பிக்கை அவளுக்கு வழிகாட்டுவது வேறு. ஒரு சபையின் நம்பிக்கையை எடுத்து நாட்டிலுள்ள அத்தனை பெண்களுக்கும் போலீஸ் சட்டமாக்குவது வேறு. முதலாவது மதம். இரண்டாவது அரசியல். அந்த அரசியலைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

சட்டம் வருவதற்கு முன்னால்

துக்கம் அனுஷ்டிக்கிறவர்கள் 1971-க்கு முன்னால் நாடு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்வதைத் தவிர மற்றதெல்லாம் குற்றம். மூன்று ஆண்டு ஜெயில்; கரு அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு ஆண்டு. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான் என்று அந்தப் பிரிவு விளக்கம் வேறு எழுதி வைத்தது. அதனால் கருக்கலைப்பு நின்றதா? பண்ணையார் வீட்டுப் பெண் காரில் ஏறிப் பட்டணத்து நர்ஸிங் ஹோமுக்குப் போனாள். பண்ணையில் நாற்று நட்டவள் எருக்கங்குச்சியோடு வந்த கிழவியிடம் படுத்தாள். செத்தவளை ஜன்னி கண்டு செத்தாள் என்றார்கள், முனி அடித்துச் செத்தாள் என்றார்கள். எத்தனை பேர் என்று கணக்கெழுத யாரும் இல்லை. அவர்களுக்காக எந்தச் சபையும் ஒரு நாளைத் துக்க நாளாக்கவும் இல்லை.

1964-ல் மத்திய சர்க்கார் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி 1966-ல் அறிக்கை கொடுத்தது. 1969-ல் மசோதா ராஜ்ய சபைக்கு வந்தது, 1971-ல் சட்டமாயிற்று, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய 312-வது பிரிவு போய்விட்டதா என்றால், இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலாகியுள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் அது 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. அதாவது நம் நாட்டில் கருக்கலைப்பு பெண்ணின் உரிமையாக எழுதப்படவில்லை. குற்றம்தான், இன்னின்ன இடத்தில் விலக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. விலக்கைச் சுருக்கினால் குற்றம் விரியும். ஊர்வலக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைக் கணக்கு எழுதுகிறவர்கள்

சபைக்கு இந்த விஷயத்தில் நெடுநாளைய கொள்கை உண்டு என்பது மெய். 1935 கடைசியில் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்க மாது இந்தியாவுக்கு வந்து கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசினார். திருவனந்தபுரத்தில் நடந்த அகில இந்திய மாதர் மகாநாட்டில் கர்ப்பத்தடைத் தீர்மானம் வந்தபோது கத்தோலிக்கர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வார்தாவில் அந்த அம்மையார் காந்திஜியையும் சந்தித்தார். காந்திஜியும் செயற்கைக் கர்ப்பத்தடையை ஒப்பவில்லை, பிரம்மசரியமே மருந்து என்றார். (அவர் பெயரைத் தாங்கி நம் ஜில்லாவில் நிற்கும் காந்திகிராமத்தில் பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்து, ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில் வேலை செய்தது. சரித்திரத்தின் வேடிக்கை இது.) 1968-ல் போப் ஆறாம் பவுல் மாத்திரையும் கூடாது, சாதனமும் கூடாது என்று உத்தரவு எழுதினார்.

இதுவரை மதக் கொள்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2021 ஜூலையில் கேரளத்தில் பாலா மறைமாவட்டம் என்ன செய்தது? ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளை பெறும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி என்று அறிவித்தது. ஜனத்தொகையில் கிறிஸ்தவர் பங்கு குறைகிறதே என்ற கவலைதான் அதன் பின்னணி. பிள்ளைக்காகவா இந்தப் பிள்ளை, தொகைக்காகவா? இரண்டே மாதம் கழித்து, செப்டம்பரில், அதே மறைமாவட்டத்தின் பிஷப் முஸ்லிம்கள் மீது "போதைமருந்து ஜிகாத்" என்று பழி சுமத்திப் பேசினார். உடனே அவருக்குக் கைதட்ட ஓடி வந்தது யார்? பாரதிய ஜனதா தலைவர்கள்! மற்ற மாநிலங்களில் மாதா கோவிலுக்குள் நுழைந்து ஜெபக் கூட்டத்தைக் கலைப்பதற்கு ஆள் அனுப்புகிற அதே கூட்டம் கோட்டயம் பக்கம் வந்து பிஷப்புக்குப் பாதுகாப்புத் தருகிறேன் என்றது. கரு, குடும்பம், சமுதாயம் என்று தொடங்கிய பேச்சு ஓட்டுப் பெட்டியில் வந்து நின்றது.

காவிக் கூட்டத்தாருக்கும் இதே கணக்குத்தான். 2015 ஜனவரியில் சாக்ஷி மகராஜ் என்ற அவர்களுடைய எம்.பி. இந்துப் பெண்கள் நாலு பிள்ளை பெற வேண்டும் என்றார். 2024 டிசம்பர் 1-ம் தேதி நாகபுரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் குறைந்தது மூன்று வேண்டும் என்றார். நடுவில், 2021 ஜூலையில், அவர்கள் ஆண்ட உத்தரப் பிரதேசத்தில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவனுக்கு சர்க்கார் உத்தியோகம் கிடையாது, உள்ளூர்த் தேர்தலில் நிற்கவும் உரிமை கிடையாது என்று ஒரு நகல் மசோதா வெளியாயிற்று. நாலு பெறு என்பதும் அவர்களே, இரண்டோடு நிறுத்து என்பதும் அவர்களே. யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் சூட்சுமம் விளங்கிவிடும்.

சரி, நம் பக்கத்தில்? நாம் உறவுக்காரர் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள முடியாது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல் மந்திரி சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளை பெறுங்கள் என்றார். அடுத்த மாதமே, இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர் உள்ளூர்த் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய தடையை அந்த மாநிலம் எடுத்துவிட்டது. தடையை எடுத்தது நல்ல காரியம்தான், காரணம்தான் கோணல். அதே அக்டோபரில் சென்னையில் 31 ஜோடிகளின் கல்யாண மேடையில் அன்றைய தமிழ்நாட்டு முதல் மந்திரி மு.க. ஸ்டாலின், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்றால் பதினாறு பிள்ளையே பெறலாமே என்று தோன்றுகிறது என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுத் தம்பதிகள் தாமதமில்லாமல் குழந்தை பெற வேண்டும் என்றார். ஜனத்தொகையை வைத்துப் பார்லிமெண்ட் தொகுதிகளைப் பங்கிட்டால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாட்டுக்குத் தண்டனையாகிவிடும் என்ற நியாயமான ஆத்திரம் அதில் இருந்தது. அந்தப் போராட்டத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் தொகுதியைக் காப்பாற்ற டில்லியோடு மல்லுக்கு நிற்க வேண்டுமே தவிர, மில் தொழிலாளிப் பெண்ணின் வயிற்றை முன்னால் நிறுத்தலாமா? சொன்னவர்கள் சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். பத்து மாதம் சுமக்கிறவளுக்குச் சிரிப்பு வராது.

எதிர்ப்பக்கத்துக் கொடுமை

பெறு என்று சொல்வதில் மட்டுந்தான் அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெறாதே என்று சொன்னதிலும் அதே அதிகாரம்தான் இருந்தது. 1956-லேயே சென்னை ராஜ்ய சர்க்கார் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குக் கைப்பணம் கொடுக்கத் தொடங்கியது. பணக்காரன் வீட்டுக்கு அந்தப் பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், நாடு முழுதும் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது, பெரும்பகுதி ஆண்கள். வடநாட்டில் போலீஸ் லாரியில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ரேஷன் கார்டுக்கும் சம்பளத்துக்கும் ஆபரேஷன் சர்ட்டிபிகேட் கேட்டார்கள்.

1971-ம் ஆண்டுச் சட்டமும் இந்தக் காற்று வீசிய காலத்தில்தான் பிறந்தது. ஷா கமிட்டி பெண்களின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டது வாஸ்தவம். ஆனால் ஆட்சியில் இருந்தவர்கள் பலருக்கு அது ஜனத்தொகையைக் குறைக்கக் கிடைத்த இன்னொரு கருவி. அதனால்தான் சட்டத்தில் "பெண் விரும்பினால்" என்ற வார்த்தை இல்லை. "டாக்டர் கருதினால்" என்ற வார்த்தை இருக்கிறது. அதனால்தான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கருவைக் கலைக்கப் போகும் ஏழைப் பெண்ணிடம் "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்கிறாயா? இல்லையென்றால் போ" என்கிற வழக்கம் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆனால் படிக்காதவள் என்ன செய்வாள்? ஒன்று தலையாட்டுவாள், அல்லது திரும்பிப் போய் மருந்துக் கடையில் கிடைத்ததை விழுங்குவாள்.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாட்டில் தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே பளிச்சென்று சொன்னவர் பெரியார் ஈ.வெ.ரா. மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடையைப் பேசினார்கள். தாம் பேசுவது பெண்ணின் விடுதலைக்காக என்றார். "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் பெயரைச் சொல்லி ஆண்ட கட்சிகள் எல்லாம் நூலை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை மறந்தன.

கடல் கடந்த பாடம்

மதமும் அரசியலும் இந்த விஷயத்தில் எப்படிக் கைகோர்க்கின்றன என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு கருக்கலைப்பை உரிமையாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1971-ல், அந்நாட்டின் பெரிய புராட்டஸ்டண்டு சபையான தெற்கு பாப்டிஸ்ட் சபையே சில நிலைமைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது! பிறகு எப்படி மாறினார்கள்? நீக்ரோ மக்களைச் சேர்க்காத வெள்ளையர் மதப் பள்ளிகளுக்கு வரிச்சலுகையைச் சர்க்கார் பறித்தபோது சபைத் தலைவர்களும் வலதுசாரி அரசியல்வாதிகளும் ஒன்று கூடினார்கள் என்றும், நிறவெறியைக் கொடியில் எழுதி ஊர் ஊராகப் போக முடியாததால் சிசுவை எழுதிக்கொண்டார்கள் என்றும் அந்நாட்டுச் சரித்திர ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். 1980-ல் ரீகனை ஜனாதிபதியாக்க அந்தக் கொடி உதவியது. அதே கொடியின் கீழ் முதலாளிகளுக்கு வரி குறைந்தது, சங்கங்களுக்கு அடி விழுந்தது. டிரம்ப் நியமித்த நீதிபதிகள் சேர்ந்து 2022 ஜூன் 24-ம் தேதி அந்த உரிமையை ரத்துச் செய்தார்கள். டெக்ஸாஸ் சீமாட்டி விமானம் ஏறி வேறு மாநிலத்துக்குப் போய் வருகிறாள். ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவளுக்கு லீவும் இல்லை, டிக்கெட்டுக்குக் காசும் இல்லை.

அயர்லாந்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1983-ல் அந்நாடு அரசியல் சட்டத்திலேயே கருவையும் தாயையும் சம உயிர் என்று எழுதி வைத்தது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன சவிதா என்ற 31 வயதுப் பல் டாக்டர் 2012 அக்டோபரில், பதினேழாவது வாரத்தில் கரு தங்காது என்று தெரிந்தபின், அதை எடுத்துவிடும்படி ஆஸ்பத்திரியில் கெஞ்சினார். கருவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். விஷம் ரத்தத்தில் ஏறி அவர் இறந்தார். கருவும் பிழைக்கவில்லை. கத்தோலிக்க நாட்டு மக்கள் வீதியில் இறங்கினார்கள். 2018 மே 25-ம் தேதி வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் அந்த விதியைத் தூக்கி எறிந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான்.

இதை மதவாதிகள் மட்டும்தான் செய்தார்கள் என்று சொன்னால் அது நேர்மையாகாது. ருஷ்யாவில் புரட்சிக்குப் பின் 1920-ல், உலகில் முதன்முதலாகக் கருக்கலைப்பைப் பெண்ணின் கோரிக்கைப்படி சட்டபூர்வமாக்கினார்கள். 1936-ல் அதையே தடை செய்தார்கள்; 1955-ல்தான் தடை நீங்கியது. ருமேனியாவில் சௌஷெஸ்கு சர்க்கார் 1966-ல் ஜனத்தொகையைப் பெருக்க வேண்டும் என்று கருக்கலைப்பைத் தடை செய்தது. பிற்காலத்தில் ஆலைகளுக்கே டாக்டர்களை அனுப்பித் தொழிலாளிப் பெண்களைச் சோதித்தார்கள். கள்ளத்தனமாகக் கலைக்கப்போய் ஏறக்குறைய பத்தாயிரம் பெண்கள் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்த கையோடு அந்த உத்தரவும் விழுந்தது. மேலே செங்கொடி பறந்ததால் ஆலைக்குள் நடந்த அந்தச் சோதனை யோக்கியமாகிவிடவில்லை.

திண்டுக்கல் சீமையில்

இனி நம் ஊர். "பெண் சிசுக்கொலை நடக்கிற நாடாயிற்றே, சட்டத்தை இறுக்கினால் என்ன?" என்று ஊர்வலக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. உசிலம்பட்டி இங்கிருந்து தூரமில்லை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண் என்று தெரிந்து கலைக்கச் சொல்கிறவன் யார்? வரதட்சணை கேட்கிறவன், ஸ்கேன் பார்த்துச் சொல்லிக் காசு வாங்குகிறவன். அவனைப் பிடிக்க 1994-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அவனைப் பிடிக்காமல் மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரையைத் தேடிக்கொண்டிருப்பதில் என்ன பலன்? அந்த மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான். அந்த வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. இந்தச் சின்ன உண்மை தெரியாமலே, அல்லது தெரிந்தும், மாத்திரை வைத்திருக்கக் கடைக்காரர்கள் பயப்படும்படி செய்துவிட்டார்கள். 2015-ல் இந்தியாவில் ஏறக்குறைய ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அதில் ஆஸ்பத்திரி, கிளினிக்குகளில் நடந்தவை 34 லட்சம் மட்டுமே என்றும் "லான்செட்" வைத்தியப் பத்திரிகையில் வந்த ஆய்வு சொல்லியது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் டாக்டர் முகம் பார்க்காமல் மாத்திரை விழுங்கியவைதான்.

நம் ஜில்லாவின் மில்களில் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்கள். சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பேர் வைத்து, மில் வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்து, கல்யாணத்துக்குச் சேர்த்துப் பணம் தருகிறேன் என்று வேலை வாங்கினார்கள். இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் வைத்ததுதான் சட்டம். 2021 தொடக்கத்தில் இந்த ஜில்லாவின் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலையுண்டாள். அவளைத் தொல்லை செய்துவந்ததாகச் சொல்லப்பட்ட சூப்பர்வைசர் கைதானான். தொழிலாளிப் பெண்கள் சங்கம் வைத்துப் போராடி, 2022 ஏப்ரலில் ஆலைக் கம்பெனியையும் அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். உலகமே அதைத் "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்று அழைக்கிறது. பாலியல் தொல்லையை ஆலைக்குள் தடுக்க அது ஒரு வேலி. ஆனால் வேலி போடுமுன் நாசமானவள், வேலியில்லாத மில்லில் நாசமாகிறவள், அவள் கதி என்ன? பதினேழு வயசுப் பெண் வயிற்றில் மேஸ்திரியின் கரு தங்கினால், அவள் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா?

சட்டம் இன்று என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு மில் கமிட்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் இருபது வாரம் வரை ஒரே டாக்டர் போதும். இருபதிலிருந்து இருபத்துநாலு வாரம் வரை, பலாத்காரத்துக்கு ஆளானவர், பதினெட்டு வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் போன்றோருக்கு இரண்டு டாக்டர்களின் சம்மதத்தில் இடமுண்டு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கேட்பது ஆஸ்பத்திரியின் அட்டகாசம். அவள் பேரை வெளியே சொன்ன டாக்டருக்குத் தண்டனை உண்டு. கல்யாணம் ஆகாதவளுக்கும் இருபத்துநாலு வாரம் வரை அதே உரிமைதான் என்று 2022 செப்டம்பர் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மைனர் பெண்ணின் விஷயத்தில் போலீசுக்குத் தகவல் போக வேண்டும் என்றாலும், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பேரைப் போலீசிடம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இன்னொரு விஷயம் மில் தொழிலாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டலாம். கருச்சிதைவானாலும், சட்டப்படி கருவைக் கலைத்தாலும், சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு உண்டு. மகப்பேறு உதவிச் சட்டத்தில் 1995-ம் ஆண்டுத் திருத்தம் கருக்கலைப்பையும் சேர்த்தது. 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. எந்த மில் மானேஜராவது இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறாரா? இரண்டாம் நாளே மெஷின் முன்னால் வந்து நிற்கிற பெண்ணின் காலில் ரத்தம் வடிவதைப் பக்கத்து மெஷின்காரி பார்த்திருக்கிறாள், மானேஜர் பார்த்ததில்லை.

டவுனில் இன்று மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 ஜனவரியில் காலேஜைத் திறந்தார்கள், நல்லதுதான். ஆனால் நத்தம் மலையடிவாரத்துக் கூலிப் பெண்ணுக்கும் குஜிலியம்பாறைக் காட்டுப் பெண்ணுக்கும் வேண்டியது அவளுடைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையும், அதைக் கொடுக்கத் தெரிந்த டாக்டரும், திட்டாத ஒரு நர்ஸும். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஆபரேஷன் செய்தால்தான் என்ற நிபந்தனையை எடுத்துவிட ஒரு சுற்றறிக்கை போதும். பெற்றுக்கொள்ள விரும்புகிறவளுக்கு மகப்பேறு உதவிப் பணமும், மில்லில் குழந்தைகள் காப்பகமும், பால் கொடுக்க இடைவேளையும் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். கருவுக்காக அழுகிறவர்கள் இந்த இரண்டாவது பட்டியலுக்காக மில் கேட்டில் ஒரு நாள் வந்து நிற்கட்டும், நாமும் பக்கத்தில் நிற்கிறோம். மாதா கோவில் ஆஸ்பத்திரிகளில் கன்யாஸ்திரீகள் ஏழைக்குச் செய்த சேவையை உழைப்பாளி மக்கள் மறந்தவர்களல்ல.

மில் கமிட்டிகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் உடனே ஒரு காரியம் செய்ய வேண்டும். ஆறு வார லீவு மறுக்கப்பட்டது, புருஷன் கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பியது, ஆபரேஷனுக்குக் கட்டாயப்படுத்தியது, இவற்றை மாதர் தோழர்களைக் கொண்டு விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்தக் கணக்கோடு மனுக் கொடுங்கள். எந்தப் பெண்ணின் பேரும் அதில் வேண்டாம். தேதியும், மில்லும், ஆஸ்பத்திரியும் இருந்தால் போதும்.